கிழக்கு வரிசைப் பில்லர்கள்: காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டின் கடக்கால்

பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் வரைபடம், பத்திர நகல், அப்புறம் ஒரு மண் பரிசோதனை அறிக்கையின் ஜெராக்ஸ். 1.5 மீட்டர் ஆழத்தில் மண் சதுர மீட்டருக்கு 25 டன் தாங்கும் என்று அறிக்கை சொன்னது. நல்ல எண்தான். முதல் பக்கத்தில் மனை எண்ணைப் பார்த்தேன். அது இவருடைய மனை இல்லை.

"ரெண்டு தெரு தள்ளி என் மச்சான் வூடு சார். ஒரே லேஅவுட்டு. அதுக்குள்ள மண்ணு மாறிடுமா?"

கூட வந்திருந்த மேஸ்திரி இன்னும் தெளிவாக இருந்தார். "25-ன்னு இருக்கு, நாம 20-ன்னு வச்சிக்கலாம் சார். 5-க்கு 5 ஃபுட்டிங், 5 அடி ஆழம். இந்த லேஅவுட்ல பத்து வூடு இப்படித்தான் போட்டிருக்கேன்." ஃபுட்டிங் என்பது பில்லருக்குக் கீழே மண்மேல் உட்காரும் கான்கிரீட் பாதம். வரைபடத்திலும் அதுவேதான் இருந்தது: தாங்குதிறன் 20 டன் எனக் கொள்ளப்பட்டது. கொண்டவர் யார், எதைப் பார்த்துக் கொண்டார் என்பதற்கு ஒரு வரி இல்லை.

இந்த 20 டன் வேலூர்ப் பக்கத்தில் கிட்டத்தட்ட பஞ்சாங்கம் மாதிரி ஆகிவிட்டது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். எங்கே தோண்டினாலும் பாறை வரும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. பாறை வரும் என்பது உண்மைதான். எத்தனை அடியில் வரும், அதற்கு மேலே என்ன படுத்திருக்கிறது என்பதுதான் விவகாரம். மலையடிவாரத்தில் மொரம்பு என்கிற சரளை மண், பாலாற்றங்கரையில் மணல், ஏரி ஆயக்கட்டில் களி. இந்த மூன்றும் ஒரே லேஅவுட்டுக்குள் வரலாம், சில சமயம் ஒரே மனைக்குள்ளும் வரலாம்.

பத்திரத்தில் கிடைத்தது

மண்ணைத் தோண்டுமுன் பத்திரத்தைத் தோண்டுவது என் பழக்கம். இவர் கொண்டுவந்த நகல்களில் ஒரு தாய்ப்பத்திரமும் இருந்தது. வடஆற்காடு மாவட்டம் என்று போட்டிருந்ததால் 1989-ல் மாவட்டம் பிரிவதற்கு முந்தையது. நிலத்தின் வகை நஞ்சை. நான்கெல்லை சொல்லும் செக்குபந்தியில் 'கிழக்கில் வாய்க்கால்' என்று இருந்தது. இன்றைய லேஅவுட் வரைபடத்தில் வாய்க்கால் எதுவும் இல்லை, 20 அடி ரோடுதான் இருக்கிறது. ஒரு கிரவுண்டு மனை, கிழமேலாக 40 அடி. அதன் மேற்கு விளிம்பிலிருந்து பார்த்தால் மலைச்சரிவு தெரியும். கிழக்கு விளிம்பு ஒரு காலத்தில் நெல் வயல்.

எதிர்ச்சாரியில் மாடு கட்டியிருந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "வாய்க்காலா? இதோ நீ நிக்கிறியே தம்பி, அங்கதான் போச்சு. ஏர் ஓட்டுனா மாட்டுக்கு முழங்கால் வரைக்கும் புதையும். லேஅவுட்டுக்காரன் சவுடு கொட்டி மூடிட்டான்."

பூஜையை நடத்துங்கள், வானம், அதாவது கடக்கால் குழி, மட்டும் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு இடத்தில் துளை போடச் சொன்னேன். மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று. நேரம் நவம்பர், நல்ல மழை. வீட்டுக்காரர் மழை நிற்கட்டும் என்றார். மழையில்தான் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குக் காரணம் என் பழைய தப்பு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மே மாதம், கடப்பாரை போட்டால் 'டங்'கென்று எழும்பியது என்பதற்காக ஒரு களிமண் குழியைக் 'கெட்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோடையில் காய்ந்த களி செங்கல் மாதிரி இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு அதே குழியில் கடப்பாரை சொந்தக் கனத்திலேயே இறங்கியது. அந்த வீட்டில் விரிசல் விழுந்தது, நான்தான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத ஆறு என்று நாம் கிண்டல் செய்யும் பாலாறே 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியது. இங்கே மண்ணை வறண்ட முகத்தில் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

சுத்தியல் சொன்னது

துளை போடும்போது செய்யும் எஸ்.பி.டி. சோதனை எளியதுதான். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறது என்று 15, 15 செ.மீ.யாக எண்ண வேண்டும். முதல் 15 செ.மீ.யில் இருப்பது துளை போட்டதில் கலங்கிய மண், அதைக் கழித்துவிட்டுக் கடைசி இரண்டையும் கூட்டினால் மண்ணின் கெட்டியைச் சொல்லும் 'என்' (N) மதிப்பு. எளிய சோதனை என்பதாலேயே ஏமாற்றுவதும் எளிது. கயிறு இழுக்கும் பையன்களுக்குக் கை ஓய்ந்தால் சுத்தியல் 75-க்குப் பதில் 50 செ.மீ.யிலிருந்து விழும். அடி குறைவான வேகத்தில் விழ, எண்ணிக்கை கூடும், மண் இருப்பதைவிடக் கெட்டியாகத் தெரியும். கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

மேற்குத் துளையில் அரை மீட்டர் சவுடு, அதன் கீழே சிவந்த மொரம்பு, 1.4 மீட்டரில் சிதைந்த பாறை. 1.5 மீட்டரில் எண்ணிக்கை 14, 18, 23, ஆக 41. மூன்றாவது மீட்டரில் குழாய் இறங்கவே மறுத்துவிட்டது. மச்சான் வீட்டு அறிக்கை இந்தப் பக்கத்துக்குப் பொய் இல்லை.

கிழக்கில் 1.2 மீட்டர் வரை சவுடும் உடைந்த செங்கலும். அதன் பின் கருஞ்சாம்பல் களி. 1.5 மீட்டரில் 2, 3, 3. அதாவது 6. இரண்டரை மீட்டரில் 7. தண்ணீர் 2.1 மீட்டரிலேயே நின்றது. 3.1 மீட்டரில் களி முடிந்து, கொரகொரவென்று சிதைந்த பாறை மணல். 3.5 மீட்டரில் எண்ணிக்கை 34, ஐந்தாவது மீட்டரில் மறுப்பு.

மேஸ்திரி களி உருண்டை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். அவ்வளவாகப் பலம் கொடுக்காமலேயே விரல் பதிந்தது. நம் பழைய தரக் குறிப்பின் உத்தேச அட்டவணையில் களிமண்ணைக் கட்டைவிரலால்தான் வகைப்படுத்தியிருக்கிறார்கள். நகம் மட்டும் பதிந்தால் சுமார் 25 டன், பலமாக அமுக்கிப் பதிந்தால் 15, ஓரளவு அமுக்கினாலே பதிந்தால் 10, விரல் சில சென்டிமீட்டர் உள்ளே போனால் 5. ஆய்வகம் இல்லாத இடத்தில் ஒரு கட்டைவிரல் சொல்லும் சேதியைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. கரிசல் மண்ணுக்கும் கொட்டிய மண்ணுக்கும் மட்டும் அந்த அட்டவணையில் எண்ணே கிடையாது, ஆராய்ந்து முடிவு செய் என்று விட்டுவிட்டார்கள்.

களி ஊதுமா என்பதை நானே அலுவலகத்தில் பார்த்தேன். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி ஊதாது, அதனால் அது ஒப்பிடும் அளவு. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெய்க் குடுவையில் மண் 11 மி.லி.யில் நின்றது, தண்ணீர்க் குடுவையில் 18-க்கு ஏறியிருந்தது. 64 சதவீதம். வீட்டுக்காரரை வரவழைத்து இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மற்ற எந்தக் கணக்குக்கும் அசையாதவர் அதைப் பார்த்துத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

20 டன் போட்டிருந்தால்

மாடியோடு வீடு, பிற்காலத்தில் இன்னொரு தளத்துக்கும் இடம். மூன்று வரிசையில் நான்கு நான்காக 12 பில்லர்கள், வரிசைக்கு வரிசை 4 மீட்டர். கிழக்கில் பால்கனியும் வருவதால் அந்த வரிசையில் கனமான பில்லருக்குச் சுமை 42 டன். மேஸ்திரி கணக்குப்படி 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங் என்றால் பரப்பு 2.25 சதுர மீட்டர், மண்மேல் வரும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 18.7 டன். 20-க்குள் இருக்கிறது, காகிதத்தில் பாஸ்.

இப்போது களியின் பக்கம் பார்ப்போம். அலுங்காமல் எடுத்த மாதிரியை அமுக்கிச் சோதித்ததில் அதன் கோஹிஷன், அதாவது துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம், சதுர மீட்டருக்கு 3.5 டன். இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 6403 வழியில் களிக்கு 5.14 என்ற காரணி, சதுர ஃபுட்டிங்குக்கு 1.3. மூன்றையும் பெருக்கினால் 23.4 டன். இது மண் உடையும் எல்லை. ஆழத்துக்கென்று ஒரு சலுகைக் காரணியும் உண்டு, ஆனால் மேலே கிடப்பது திமிசு போட்டு இறுக்காத சவுடு, அதை நம்பிச் சலுகை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 3 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்தால் கிடைப்பது 7.8 டன்.

18.7 டன் வைத்திருந்தால் வீடு மறுநாளே விழுந்திருக்காது. 23.4-க்கும் 18.7-க்கும் நடுவே 1.25 மடங்கு இடைவெளி இருக்கிறது. அது போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பத்து வீடு இப்படித்தான் போட்டேன் என்று மேஸ்திரி சொன்னது பொய்யில்லை, அந்தப் பத்தும் நிற்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் முதலில் தொல்லை கொடுப்பது மண் உடைவது இல்லை, மண் அமுங்குவது.

ஃபுட்டிங்குக் கீழே களி 1.5-லிருந்து 3.1 மீட்டர் வரை, 1.6 மீட்டர் கனம். சுமை கீழே போகப்போக விரிவதைக் கணக்கில் எடுத்து, களியின் நடுமட்டத்தில் 8 டன் என்று வந்தது. இவ்வகைக் களியின் அமுங்கும் தன்மைக்கு உத்தேசம் 38 மி.மீ. இறங்கும். ஐ.எஸ். 1904-ஐப் புரட்டினால், இளகும் களிமேல் தனித்தனி ஃபுட்டிங் போட்ட கான்கிரீட் கட்டடத்துக்கு 75 மி.மீ. வரை அனுமதி. பாதிதான் ஆகிறது, சந்தோஷப்படலாமா? அதே அட்டவணையில் பக்கத்துக் கட்டமாக இன்னொரு எண் இருக்கிறது: இரண்டு பில்லர்களுக்கு இடையே இறக்க வித்தியாசம் தூரத்தில் 0.0015 பங்குக்கு மேல் போகக்கூடாது. 4 மீட்டருக்கு 6 மி.மீ. நடு வரிசையில் பாறைமேல் நிற்கும் பில்லர் 4, 5 மி.மீ. இறங்க, பக்கத்துக் கிழக்குப் பில்லர் 38 இறங்கினால் வித்தியாசம் 33. விரிசல் எங்கே வரும் என்று பென்சிலால் சுவரில் கோடு போட்டே காட்டலாம்: ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக.

சரி, ஃபுட்டிங்கைப் பெரிதாக்கினால்? 7.8 டன்னுக்கு 2.35 மீட்டர் சதுரம் வேண்டும். மண் உடைவதிலிருந்து தப்பிவிடலாம். இறக்கம் 38-லிருந்து 20-க்குத்தான் குறைந்தது. அகலமான ஃபுட்டிங் இன்னும் ஆழமாக அழுத்தும், அதனால் அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தும் இறக்கம் அந்த அளவுக்குக் குறையவில்லை. 20-ம் 6-ஐத் தாண்டியதுதான். ஊதும் களி என்ற கவலை வேறு அப்படியே நிற்கிறது.

மச்சான் வீட்டு அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். அது 30 செ.மீ. தகடு வைத்துச் செய்த தகட்டுச் சோதனை. தகடு தன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரைதான் மண்ணை உணரும், அதாவது 60 செ.மீ. அவர் மனையில் கீழே பாறை, பிரச்சினை இல்லை. அதே சோதனையை இங்கே கிழக்கு மூலையில், கோடையில், காய்ந்த மேற்தோலின்மேல் செய்திருந்தால் அதுவும் நல்ல எண்ணைக் கொடுத்திருக்கும். கீழே கிடக்கும் ஒன்றரை மீட்டர் களியைத் தகடு பார்த்தே இருக்காது.

படிக்கட்டு மாதிரி

வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாக ராஃப்ட் போடலாமா என்று வீட்டுக்காரரின் மகன் கேட்டான், யூடியூபில் பார்த்தானாம். பாதி பாறையிலும் பாதி ஊதும் களியிலும் ராஃப்ட் போடுவது ஒரு காலைத் திண்ணையிலும் ஒரு காலைச் சேற்றிலும் வைத்து நிற்கிற கதை. மண்ணைத் துளைத்து இறக்கும், அடிப்பாகம் அகன்ற கான்கிரீட் பைல் நல்ல தீர்வுதான், ஆனால் நாலைந்து பில்லருக்காகத் துளை போடும் ரிக் வண்டியை வரவழைக்க வேண்டும். சிதைந்த பாறை 11 அடியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எனக்கு அதில் விருப்பம் இல்லை. களியைத் தாண்டி அங்கேயே போய் உட்காரலாம் என்று முடிவு செய்தேன்.

களியின் எல்லை எங்கே என்று தெரிய ஒரு நாள் முழுக்க, கையால் திருகித் துளைக்கும் ஆகரால் எட்டுத் துளை போட்டோம். வாய்க்கால் நேராகப் போகவில்லை. வடகிழக்கு மூலையில் நுழைந்து தெற்கே வரவர அகன்று, நடு வரிசையின் தென்கோடி இரண்டு பில்லர்களின் காலடி வரை வந்திருந்தது. அங்கே களி 2.2 மீட்டரில் முடிந்தது.

அதனால் மூன்று மட்டம். மேற்கு வரிசை 1.5 மீட்டர், நடு வரிசை 2.4, கிழக்கு 3.3. நடு வரிசையின் வடக்கு இரண்டு பில்லர்களுக்குப் பாறை மேலேயே இருந்தும் அவற்றையும் 2.4-க்கு இறக்கினேன். மேஸ்திரிக்கு இது வீண் வேலையாகப் பட்டது. பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஃபுட்டிங்குகளின் அடிவிளிம்புகளைச் சேர்க்கும் கோடு, 2 பங்கு போனால் 1 பங்குக்கு மேல் சரியக்கூடாது. 4 மீட்டரில் ஃபுட்டிங் அகலம் போக 2.5 மீட்டர்தான் இடைவெளி. நேராக 1.5-லிருந்து 3.3-க்கு இறங்கினால் 3.6 மீட்டர் வேண்டும், இடம் இல்லை. 0.9 ஆகப் பிரித்தால் 1.8 போதும். குளத்துப் படிக்கட்டைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

3.3 மீட்டரில் சிதைந்த பாறைக்கு, தண்ணீரையும் கணக்கில் வைத்து, 25 டன் வரை எடுக்க இடம் இருந்தது. இறக்கத்துக்காக 20-இல் நிறுத்திக்கொண்டேன். 42 டன்னுக்கு 1.5 மீட்டர் சதுரம், அழுத்தம் 18.7, இறக்கம் கணக்கில் 5 மி.மீ. சுற்றி. மேஸ்திரி முகத்தில் சிரிப்பு. "நான் சொன்ன 5-க்கு 5-தானே சார் வந்துச்சு, அதே 20 டன்!" அவரை மறுக்க முடியவில்லை. ஆழம்தான் ஆறடி கூடியிருந்தது.

கூடுதல் கான்கிரீட் பற்றி வீட்டுக்காரர் பயந்துகொண்டே கேட்டார். ஃபுட்டிங்கிலிருந்து மேலே எழும் 45 செ.மீ. சதுரத் தூண், அதாவது பெடஸ்டல், கிழக்கு நான்குக்கு 1.8 மீட்டர் வீதம், நடு நான்குக்கு 0.9 வீதம் என்று போட்டால் மொத்தம் 2.2 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரியில் பாதி கூட இல்லை. செலவு கான்கிரீட்டில் இல்லை, குழியில்தான்.

குழியை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தோம். ஒன்றரை மீட்டர் தாண்டினால் முட்டு இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது. சவுக்குக் கம்பும் பலகையும் அடித்து, டீசல் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டே வேலை நடந்தது. வடகிழக்குக் குழியில் 3.3 மீட்டர் வந்தும் பாறை மணல் வரவில்லை. வாளியில் வந்தது கறுப்புச் சேறு, அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள், கூடவே குளம் வற்றியபின் வருகிற அந்த வாடை. வாய்க்காலின் ஆழமான இடம் அதுதான் போல. துளை போட்ட இடம் அங்கிருந்து 5 மீட்டர் தள்ளி, அதற்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இன்னும் 25 செ.மீ. தோண்டிக் கொரகொர மணலைக் கண்டபின், கூடுதல் பள்ளத்தை 40 மி.மீ. ஜல்லி போட்ட 1:4:8 கான்கிரீட்டால் நிரப்பி, ஃபுட்டிங்கைப் பழைய மட்டத்திலேயே வைத்தோம். படிச்சரிவை மறுபடி பார்த்தேன், 2.3 மீட்டர் வேண்டியதற்கு 2.5 இருந்தது.

ஊதும் களி பெடஸ்டலைக் கவ்விப் பிடித்து மேலே தூக்காமல் இருக்க, சுற்றிலும் ஓர் அடிக்கு ஆற்று மணல். பில்லர்களை அடிமட்டத்தில் இணைத்துக் களிமேல் ஓடும் பிளின்த் பீமுக்குக் கீழே 3 அங்குல இடைவெளி. இந்த இடைவெளியைக் கொத்தனார் இரண்டு முறை மண் போட்டு நிரப்பினார், இரண்டு முறையும் எடுக்க வைத்தேன். காலியாக விட்டால் அவருக்குக் கை அரிக்கும் போலிருக்கிறது.

அளந்து பார்த்தது

பிளின்த் முடிந்ததும் 12 பில்லர்களிலும் ஆணி அடித்து லெவல் எடுத்து வைத்திருந்தேன். மாடி கூரை போட்ட பின்னும், அடுத்த மழைக்காலம் முடிந்த பின்னும் மறுபடி எடுத்தேன். மேற்கு வரிசை 2 மி.மீ., கிழக்கில் அதிகம் இறங்கியது அந்த நத்தை ஓட்டுப் பில்லர், 4 மி.மீ. மூன்றாவது தளம் இன்னும் வரவில்லை, வந்தால் கொஞ்சம் கூடும்.

காம்பவுண்டு சுவர் என் கணக்கில் வரவில்லை. அதை வீட்டுக்காரரும் மேஸ்திரியும் தாங்களாகவே இரண்டடி ஆழத்தில், சவுடுமேல் கட்டிவிட்டார்கள். கிழக்குப் பக்கம் கேட்டுக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு விரிசல். மே மாதம் அதில் பத்து ரூபாய் நாணயம் தாராளமாக நுழைந்தது. டிசம்பரில் போனபோது போஸ்ட் கார்டு கூட நுழையவில்லை.